காசிக்குப் போனவர்களும் போகாதவர்களும்

ரயில் வருவதற்கு முந்தின காலத்தில், காவேரிக் கரையிலோ தாமிரபர்ணிக் கரையிலோ உள்ள ஒரு கிராமத்திலிருந்து காசிக்குப் புறப்பட்டவர், நிலபுலங்களைப் பற்றிய ஏற்பாடுகளை எழுதிவைத்து, கொடுக்கவேண்டிய கடன்களைத் தீர்த்து, பெண்டு பிள்ளைகளிடமும் பங்காளிகளிடமும் விடைபெற்று, ஊர்க்கோடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு நடக்கத் தொடங்கும்போது, வழியனுப்ப வந்தவர்களில் பலர் அவரை மறுபடியும் காண்போம் என்று நம்பியதில்லை. ஒரு வருஷத்துக்கு மேலும் பிடிக்கக்கூடிய அந்த யாத்திரையில் காடும் ஆறும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழிப்பறியும் எதிர்ப்பட்டன. மீண்டு வந்தவரை ஊரார் மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைத்தார்கள். பெரியவர்களும் சிறியவர்களும் அவர் காலில் விழுந்து வணங்கினார்கள். கங்கையில் மூழ்கியவர் என்ற மதிப்போடு, உயிரோடு திரும்பி வந்துவிட்டாரே என்ற ஆனந்தமும் அந்த வணக்கத்தில் கலந்திருந்தது.

எனினும் அவ்வாறு போய் வந்தவர்கள் எக்காலத்திலும் சிலரே. போகவேண்டும் என்று ஆயுள் முழுவதும் ஆசைப்பட்டு, போகாமலே கண்மூடியவர்கள் அவர்களைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு அதிகம். போகவேண்டிய அவசியம் இல்லை என்று மனநிறைவோடு ஊரிலேயே இருந்தவர்களும் உண்டு. இம்மூவகையினருக்கும் இடம் வைத்தே நம் முன்னோர் காசி யாத்திரை என்னும் சம்பிரதாயத்தை வளர்த்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, அவர்களுடைய மனவிரிவைக் குறித்து எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

யாத்திரைக்கு ஒரு கிரமம் உண்டு. தென்னாட்டவர் வடக்கே புறப்படுவதற்கு முன் தெற்கே போகவேண்டும். ராமேசுவரத்தில் தரிசனம் செய்து, சேதுவில் நீராடி, அங்கிருந்து மணல் எடுத்துக்கொண்டு, அதைப் பூஜித்துப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைப்பார்கள். பிரயாகையிலிருந்து கங்கை நீரை எடுத்துக்கொண்டு, காசியையும் கயையையும் கண்டபின், திரும்பவும் ராமேசுவரத்துக்கு வந்து அந்த நீரால் ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். தென்கோடிக் கடலின் மணல் வடக்கே போகிறது. வடக்கே ஓடும் நதியின் நீர் தென்கோடிக்கு வருகிறது. இந்தப் பெரிய தேசத்தைக் கால்நடையாகவே இரண்டு முறை அளந்தவனுக்கு அதன் பரப்பையும் பலவகை ஜனங்களையும் பற்றிப் புஸ்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டியது அதிகம் இருந்திராது.

பிரயாகையில் தம்பதிகளாகப் போகிறவர்கள் செய்யும் வேணி தானம் என்ற சடங்கை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சங்கற்பம் ஆனபின் மனைவி கணவன் மடியில் அமர, அவன் அவளுடைய கூந்தலைச் சீப்பால் வாரிப் பின்னிப் பூச்சூட்டுகிறான். பிறகு பின்னலின் நுனியில் சிறிதளவு கத்தரித்து, மஞ்சள் குங்குமத்தோடு திரிவேணியில் சேர்க்கிறார்கள். தலைமயிர் தண்ணீரில் மிதப்பது இயல்பாயிருக்க, அந்த இடத்தில் அது மூழ்கிவிடும் என்பது யாத்திரிகர்களின் நம்பிக்கை. நாற்பது வருஷம் இல்லறம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்துவிட்ட கிழவர், எத்தனையோ பாரங்களைச் சுமந்த கைகளால், மூன்று பிரியாகப் பிரிப்பதா இரண்டாகப் பிரிப்பதா என்று திகைத்து, பக்கத்திலிருக்கும் சாஸ்திரிகளைப் பார்ப்பார். மடியிலிருக்கும் அம்மாள் தலையைத் திருப்பாமலே கையைப் பின்னால் கொண்டுவந்து வழிகாட்டுவாள். சந்நிதித் தெருவில் ஜோடியாக நடந்துபோவதற்குக்கூடக் கூச்சப்பட்ட தலைமுறையினர் அவர்கள். காசிக்குப் போய் வந்த பாட்டிமார்களிடம் விசுவநாதரைப் பற்றிக் கேட்டால் பக்தியோடு இரண்டு வார்த்தை சொல்வார்கள். வேணி தானத்தைப் பற்றிக் கேட்டால் முகமே வேறாகிவிடும்.

பழைய யாத்திரையின் சிரமங்களை நாம் விரிவாக அறிவதற்கு ஏனுகுல வீராசாமி என்பவர் பேருபகாரம் செய்திருக்கிறார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த அவர், 1830ஆம் வருஷம் மே மாதத்தில் பெரிய பரிவாரத்தோடு புறப்பட்டு, திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகையும் காசியும் கயையும் கண்டு, கல்கத்தா சென்று, கீழ்க்கடற்கரை ஓரமாகவே 1831 செப்டம்பரில் சென்னைக்குத் திரும்பினார். ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் பிடித்த அந்தப் பிரயாணத்தைப் பற்றித் தெலுங்கில் அவர் எழுதிவைத்த தினசரிக் குறிப்புகள் 1838இல் புஸ்தகமாக வெளிவந்தன. பல்லக்கும் ஆள்பலமும் பணபலமும் உள்ளவருக்கே அவ்வளவு காலம் ஆயிற்றென்றால், தோளில் ஒரு மூட்டையும் கையில் ஒரு செம்புமாக நடந்த ஏழையின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

அவருக்குப் பத்து வருஷம் முந்தித் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சுமார் 3,000 பேர் உடன்வர 1820இல் புறப்பட்டு 1822இல் திரும்பினார். காசியின் படித்துறைகளை ஒவ்வொன்றாகச் சித்திரக்காரர்களைக் கொண்டு எழுதச்செய்து அவர் கொண்டுவந்த படங்கள் சரஸ்வதி மகாலைச் சேர்ந்தவை. கங்கையைக் கண்ணால் காணும் பாக்கியம் இல்லாத தஞ்சாவூர்க்காரர், அந்தப் படங்களில் அதன் கரையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஆனால் அரசருடைய யாத்திரையைக் காட்டிலும், பிறருடைய யாத்திரைக்காக அந்த வம்சத்தார் செய்த ஏற்பாடுகளே என் மனத்தைப் பெரிதும் கவருகின்றன. தஞ்சையிலிருந்து ராமேசுவரம் செல்லும் பாதையில் அவர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், 1802இல் ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம், ராஜாமடம், மீமிசல் முதலியவை அவற்றுள் சில. இந்தச் சத்திரங்களைப் பற்றி 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ராஜ்யத்தின் அதிகாரம் கம்பெனியாரின் கைக்கு மாறிவிட்ட பிறகும், சத்திரங்களை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லாத அரசரின் கடிதம் அது. காசியிலிருந்து ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கு ஜாதி பேதமின்றி அன்னம் இடப்படுவதையும், நோயுற்றவர்களை வைத்தியர் கவனிப்பதையும், குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதையும், பிரசவ வேதனையோடு வந்து சேரும் பெண்களுக்கு வேண்டியவை செய்வதையும், வழியில் இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி அந்திமக் கிரியை நடப்பதையும் அவர் எடுத்துரைக்கிறார். நடுநிசியில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாமல் தூங்கிப்போனவர்களை எழுப்பி அன்னம் இடுவது வழக்கம் என்றும் அதில் சொல்கிறார். பசியோடு படுத்தவன் தானாக எழுந்து வந்து கேட்கவேண்டும் என்று எதிர்பாராமல், அவன் தூங்கிப்போயிருக்கக்கூடும் என்று நினைத்து மணி அடித்த தர்மத்துக்கு ஈடாக எதைச் சொல்வது!

காசியிலும் தமிழர்களுக்கு நிழல் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து தருமபுர ஆதீனத்தின் சீடரான குமரகுருபரர், பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்கு சென்று கேதார கட்டத்தில் மடம் நிறுவினார். நகரத்தார் 1863இல் ஏற்படுத்திய நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து, விசுவநாதருக்கு உரிய பூஜைப் பொருள்களை ஏந்திக்கொண்டு, 'சம்போ, சம்போ' என்று முழங்கியபடி காசிச் சந்துகளில் நடந்துபோகும் வழக்கம் இன்றும் நடக்கிறது. அனுமார் கட்டத்துத் தமிழ் வீடு ஒன்றில்தான், தகப்பனாரை இழந்த சுப்பிரமணிய பாரதி 1898 முதல் 1902 வரை அத்தையின் ஆதரவில் தங்கிப் படித்தார்.

இனி, போகாதவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். போகமுடியாதவனைத் தாழ்ந்தவனாக எண்ணாமல், காசியையே அவனிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டில் வெகு காலமாக வேரூன்றியிருக்கிறது. காசியை நாடிச் சென்ற பக்தர்கள் வழியிலேயே மடிவதைக் கண்டு இரங்கிப் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான் என்பது தென்காசியின் ஐதிகம். அந்தத் திருப்பணி 1446இல் தொடங்கியது. விருத்தாசலம் விருத்தகாசியாயிற்று. கும்பகோணத்து மகாமகக் குளத்தில் பன்னிரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை கங்கை முதலிய நவநதிகளும் வந்து சேருகின்றன. அதன் கரையிலேயே ஒரு காசி விசுவநாதர் இருக்கிறார். மாயூரத்திலோ ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை காவேரியில் வாசம் செய்கிறாள். அம்மாதக் கடைசி நாளான கடைமுகத்தில் திரளும் கூட்டம் பெரிது. ஆனால் எனக்கு அதற்கு மறுநாள்தான் அதிகப் பிரியம். கடைமுகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று எங்கிருந்தோ தவழ்ந்து புறப்பட்ட முடவன் ஒருவன், ஐப்பசி கழிந்து கார்த்திகை முதல் தேதியில்தான் வந்து சேர்ந்தானாம். அவன் ஏமாற்றத்தைப் பொறுக்காத ஈசன் ஒரு நாள் தவணை கொடுத்தான். அந்த ஸ்நானத்துக்கு முடவன் முழுக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கங்கைக்குப் போகமுடியாதவர்களுக்கு மாயூரம். மாயூரத்துக்கும் நேரத்தில் வரமுடியாதவனுக்கு இன்னும் ஒரு நாள். தாமதமாக வந்தவனுக்கு வாசலை அடைத்துவிடக் கூடாது என்பதில் இந்தச் சம்பிரதாயத்துக்கு இருந்த கவலையே தனி.

போகாமலே நிறைவு பெற்றவர்களின் கதைகள் இவற்றினும் ஆழமானவை. கைலாசத்தைக் காணாமல் திரும்புவதில்லை என்று முதுமையில் புறப்பட்ட அப்பர், வாரணாசியைக் கடந்து போய், கால் தேய்ந்து, மார்பு தேய்ந்து, இனி நகரமுடியாது என்ற நிலையில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்றும், அங்கேயே கைலாயக் காட்சி கண்டார் என்றும் பெரிய புராணம் சொல்கிறது. ஆடி அமாவாசையன்று ஐயாற்றில் அதற்கு விழா எடுக்கிறோம். கங்கையாடினாலும் காவிரியாடினாலும், இறைவன் எங்கும் உள்ளவன் என்று உணராதவனுக்கு என்ன பயன் என்று கேட்டவரும் அந்த அப்பரே. அவ்வளவு தூரம் நடந்து தேய்ந்தவர் என்பதால் அவருடைய கேள்விக்குக் கூடுதலான கனம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாளின் கதை தஞ்சைச் சகஜி மன்னர் காலத்தது. தகப்பனாருடைய சிராத்த தினத்தில், பிராமணர்கள் உண்பதற்கு முன்பே, பசியால் துடித்த ஒரு தாழ்த்தப்பட்டவருக்கு அவர் அன்னம் கொடுத்துவிட்டார். அக்ரகாரத்தார் சினந்து, கங்கையில் நீராடி வந்தால்தான் இந்தத் தோஷம் நீங்கும் என்று விதித்தார்கள். போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிராத்தமோ அன்றைக்கே நடக்கவேண்டும். அவர் கங்காஷ்டகம் பாடித் தம் வீட்டுக் கிணற்றடியில் நிற்க, கங்கை அதில் பொங்கித் தெருவெல்லாம் பெருகியது என்பார்கள். கார்த்திகை அமாவாசையன்று அந்தக் கிணற்று நீரில் ஸ்நானம் செய்ய இன்றும் விடியுமுன்பே கூட்டம் சேருகிறது. பசித்தவனுக்குச் சோறிட்டவனைத் தேடிக் கங்கை வந்தாள் என்பதை இந்தப் பிரதேசத்தார் இருநூறு வருஷங்களுக்கு மேலாக, வருஷந்தோறும், நனைந்த வேஷ்டியோடு நின்று நினைவுகூர்ந்து வருகிறார்கள்.

சந்தோஷமாகக் காசியைக் கைவிடுகிறவன் ஒருவனும் இருக்கிறான். அவன் கல்யாண மாப்பிள்ளை. பிரம்மசரியம் முடிந்து குருகுலத்திலிருந்து மீண்ட இளைஞன், இல்லறம் புகுவதா, உலகத்தைத் துறந்து போவதா என்று தீர்மானிக்கும் தருணத்தைப் பிராமண விவாகத்தில் காசி யாத்திரையாக நடத்துகிறார்கள். பஞ்சகச்சமும் மையும் சந்தனமுமாகக் குடை, தடி, விசிறி, புஸ்தகம் இவற்றோடு நாதஸ்வரம் முன்செல்ல அவன் நடக்கிறான். தெருக்கோடிக்குள் பெண்ணின் தகப்பனார் எதிர்வந்து, தம் பெண்ணைக் கன்னிகாதானம் செய்து தருவதாகச் சொல்லித் திருப்பி அழைக்கிறார். அவன் திரும்புகிறான், ஊஞ்சல் காத்திருக்கிறது. இதை விளையாட்டு என்று சொல்வாருண்டு. வாழ்க்கையில் ஒரு பாதையில் அடி வைத்துவிட்டு அதை விட்டு மற்றொன்றில் திரும்புவதைப் பந்துமித்திரர் நடுவே வெளிப்படையாகச் செய்துகாட்டும் சடங்கை நான் விளையாட்டாக எண்ணவில்லை.

ரயில் வந்தது எல்லாவற்றையும் மாற்றிற்று. 1871இல் சென்னைக்கும் பம்பாய்க்கும் இருப்புப்பாதை இணைந்தது. 1887இல் காசியில் கங்கைமேல் பாலம் எழுந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மாதங்கள் நாட்களாயின, அதுவரை வழி தெரியாத விதவைகளும் ஏழைகளும் கூட்டங்கூட்டமாகப் போகத் தொடங்கினார்கள். அது பெரிய நன்மை. சத்திரங்களில் நடுநிசி மணிக்கு வேலை இல்லாமல் போயிற்று. யாத்திரிகர்கள் ரயிலிலிருந்து இறங்கி மணல் எடுத்த தனுஷ்கோடியையும் 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று.

மாறாமல் இருப்பது, போய் வந்தவர் வீட்டில் நடக்கும் சமாராதனை. உறவினருக்கெல்லாம் அன்னமிட்டு, கங்கை நீரை அடைத்த சிறு செப்புச் செம்பும் கறுப்புக் காசிக் கயிறும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். காசியைக் கண்டிராத எத்தனையோ பேருக்குக் கடைசி நேரத்தில் வாயில் விடப்பட்டது அண்டை வீட்டார் கொண்டுவந்து தந்த அந்தச் செம்பின் தண்ணீர்தான்.

அந்தச் சாப்பாட்டின்போதே, "காசியில் என்ன விட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். கயையில் அக்ஷய வடத்தின் அடியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை ஆகியவற்றை இனித் தொடுவதில்லை என்று விடுவது முறை. மனத்துக்கு உகந்ததை விடவேண்டும் என்பதே ஆதியில் இருந்த கருத்து. பிடிக்காத பாகற்காயை விட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அவர்கள் அந்த மரத்தடி வரையில் போயிருக்கிறார்கள். ஆனால் உயிரையே வைத்திருந்த மாம்பழத்தை விட்டுவந்த அம்மாள் ஒருத்தியை எனக்குத் தெரியும். சித்திரை வைகாசியில் கூடம் முழுவதும் வைக்கோலில் பழுத்து மணக்கும்; பேரக் குழந்தைகளுக்குத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுப்பவள் அவளே. பந்தியில் மாம்பழப் பச்சடியோடு பரிமாறுகிறவர் வந்தால் இலையின்மேல் கையைக் குறுக்கே நீட்டி, "காசியில் விட்டாச்சு" என்பாள். அவள் வருகிற விசேஷங்களில் உறவுக்காரர்கள் ஞாபகமாக வேறொரு பச்சடியும் செய்துவைப்பார்கள்.