துவிச்சக்கர வண்டியும் அரசின் கணக்கேடும்

இலங்கையின் பிரதேச சபைகள் சட்டம் 1987ஆம் ஆண்டில் நிறைவேறியது. வாகனங்களுக்கும் விலங்குகளுக்கும் அறவிடத்தக்க வரிகளை அதன் அட்டவணையொன்று வரிசைப்படுத்துகின்றது. வியாபாரத்துக்குப் பயன்படும் துவிச்சக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 18 ரூபா; ஏனைய தேவைகளுக்குப் பயன்படுவதற்கு 4 ரூபா; கைவண்டிக்கு 10 ரூபா; யானைக்கு 50 ரூபா. சிரிப்புக்கு இடமான பட்டியல்தான். ஆயினும் வரலாறு பயில்வோர் இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. மோட்டார் வாகனங்கள் யாவும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் ஏறி, நாடளாவிய புள்ளிவிபரமாக ஆண்டுதோறும் வெளிவந்து, வீதித் திட்டங்களுக்கு ஆதாரமாகின்றன. துவிச்சக்கர வண்டியோ குதிரையுடனும் யானையுடனும் ஒரே பட்டியலில் நின்று, உள்ளூர்ச் சபையின் வரிப் பதிவோடு முடிந்துபோகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று.

மலையில்லாத, ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் இது. பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 18 கிலோமீற்றர். வடக்கிழக்கு மூலையிலுள்ள பருத்தித்துறைகூட 35 கிலோமீற்றருக்கு உட்பட்டதே. வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகளில் காரும் பஸ்ஸும் புகமாட்டா. நீர்வேலி வாழைக்குலையும், சுன்னாகம் சந்தைக்குப் போகும் மரக்கறியும், குருநகர் மீனும் சைக்கிளின் பின் கரியரில் ஏறியே வீடு வந்தன. றலியும் ஹம்பரும் இங்கே குடும்பச் சொத்துக்களாய் மதிக்கப்பெற்றன.

ஆனால் அந்தச் சொத்து எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. மானிடவியலாளர் பிரையன் பஃபென்பெர்கர் 1990இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது சாதியமைப்பு விதித்திருந்த தடைகளை வரிசையாகக் கூறுகின்றார். கோயிலுக்குள் புகக்கூடாது; உயர்சாதியார் கிணற்றில் அள்ளக்கூடாது; பஸ் ஆசனத்தில் அமரக்கூடாது; குடை பிடிக்கக்கூடாது. சைக்கிள் வைத்திருக்கக்கூடாது என்பதும் அவ்வரிசையில் உண்டு. மிதித்துச் செல்லும் ஓர் இரும்பு வண்டியைக்கூடத் தடுத்து வைத்த சமூகம் அதன் வலிமையை நன்கறிந்தே தடுத்தது என்று கொள்ளவேண்டும். தோட்டக் கூலியொருவன் வேற்றூருக்குப் போய் வேலை தேடவும், அவன் மகன் தூரத்துப் பாடசாலைக்குப் போகவும் வழிசெய்யும் பொருள் அது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. வழக்கம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நின்றது.

இதே காலத்தில் பஸ் சேவையைப் பற்றி அரசு ஆராய்ந்தது. 1948இல் இரத்தினம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தனியார் கம்பனிகளின் சீர்கேடுகள் எழுத்தில் பதிவாயின. 1958 ஜனவரி 1ஆம் நாள் இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. அரசியல் உறுதியே அதனைச் செய்வித்தது என்பது உண்மை. எனினும் அவ்வுறுதிக்குக் கையில் பிடிக்க அறிக்கைகள் இருந்தன. மிதித்துச் செல்வோனுக்காக அத்தகைய அறிக்கை எதுவும் எழுதப்படவில்லை. அவனுக்கு முதலாளிச் சங்கமுமில்லை, தொழிற்சங்கமுமில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன்பின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடுக்கப்பட்டன; மண்ணெண்ணெய் அரிய பொருளாயிற்று; மின்சாரம் அற்றது. யாழ்தேவி நின்றது. ஐந்தாண்டுகளுக்கு மேலாக, ஏறக்குறைய முழுச் சமுதாயமும் இரண்டு சில்லுகளில் இயங்கிற்று. ஆசிரியரும் வைத்தியரும் மிதித்தனர். நோயாளி பின் கரியரில் அமர்ந்து ஆஸ்பத்திரி சென்றார். விறகும் நெல்லும் கூரைத்தகடும் அதிலேயே சென்றன. இரவில் வண்டியை நிறுத்திவைத்து, கையாற் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது கொம்படி, ஊரியான் வழியே சேற்றிலும் நீரிலும் தள்ளிச் சென்றார்கள். அதுவும் முடியாதபோது கிளாலிக் கடனீரேரியில் வள்ளமேற்றிக் கடந்தார்கள். அக்கடனீரேரியில் 1993 ஜனவரியில் பயணிகள் கொல்லப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது, இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நகர்ந்தனர். நெருக்கத்தில் ஏறி மிதிக்க இடமில்லை. மூட்டைகளையும் முதியோரையும் ஏற்றிய வண்டிகளைத் தள்ளியே நடந்தார்கள்.

இதனைப் பெருமைக் காவியமாக்குவோர் உளர். எமக்கு அது உடன்பாடன்று. தடையினால் திணிக்கப்பட்ட வறுமையை எளிய வாழ்வென்று போற்றுவது, அவ்வறுமையைத் திணித்தவர்க்கே துணைபோவதாகும். ஆயினும் போக்குவரத்துப் பயில்வோர் வேறெங்கும் காணவியலாத ஒரு பரிசோதனை இங்கே நடந்து முடிந்தது. அதனை அளந்தவர் எவருமில்லை. 1981க்குப் பின் குடாநாட்டில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையில் 31 ஆண்டுகள்! பழைய ஏடுகளும் பத்திரிகைகளும் நிறைந்திருந்த யாழ்ப்பாணப் பொது நூலகமோ 1981இலேயே எரிக்கப்பட்டுவிட்டது.

போர் 2009இல் முடிந்தது. அகன்ற காபெற் வீதிகள் வந்தன. லீசிங்கில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. தள்ளாடி மிதித்தவர் மோட்டாரை விரும்பியதில் குற்றமில்லை. ஆனால் வீதியை எவ்வாறு அமைப்பது என்று தீர்மானிக்கும் கணிதத்தைச் சற்றுக் கவனிக்கவேண்டும். பொறியியலாளர் வாகனங்களை எண்ணும்போது யாவற்றையும் கார் என்னும் அலகுக்கு மாற்றுவர். பஸ் இரண்டு மூன்று கார்களுக்குச் சமம்; சைக்கிள் ஒரு காரின் பின்னம். வீதியில் அடைக்கும் இடத்தை அளப்பதற்கு இம்முறை பொருந்தலாம். அறுபது பேரைச் சுமக்கும் பஸ்ஸும், பாடசாலை செல்லும் பிள்ளையும் இக்கணக்கில் மனிதராகத் தோன்றுவதில்லை. அரசின் குடும்ப வருமான செலவு ஆய்வோ வீட்டில் துவிச்சக்கர வண்டி உண்டா என்று கேட்கின்றது. அது யாரை எங்கே கொண்டு செல்கின்றது என்பது அதன் கேள்வியன்று.

கேள்வியைச் சரியாகக் கேட்டால் விடை கொள்கையை மாற்றும் என்பதற்குப் பீகார் உதாரணம். 2006இல் அம்மாநில அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலாளர் இருவர், அங்குள்ள பெண்களை ஆண்களோடும், திட்டமில்லாத அயல் மாநிலமாகிய ஜார்கண்டோடும் ஒப்பிட்டனர். உயர்நிலைப் பாடசாலையிற் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பயன் பெரும்பாலும் பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கிராமங்களிலேயே விளைந்திருந்தது. எங்கே கொடுத்தால் எவர்க்கு உதவும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமோ? தமிழகத்தின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்ததும், கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர் வீதிக்கு வந்ததும் வாசகர் அறிந்தவையே.

2022 ஜூன் இறுதியில் நாட்டில் எரிபொருள் அற்று, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமென்று விற்பனை கட்டுப்படுத்தப்பட்டபோது, தூசு தட்டப்பட்ட பழைய வண்டிகள் மீண்டும் வெளிவந்தன. அடுத்த மாதம் அரசு ஏற்படுத்திய எரிபொருள் அனுமதி முறையில் மோட்டார் வாகனங்கள் தத்தம் இலக்கத்தோடு பதிவாயின. வரிசையில் நில்லாது மிதித்துச் சென்றோர் அப்போதும் எந்த ஏட்டிலும் இல்லை.

திணைக்களம் எண்ணும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையே நாவற்குழிப் பாலம் இன்றும் இருக்கின்றது. பாடசாலை நாளொன்றில் காலை 6 மணி முதல் 8 மணிவரை அங்கே நின்று, கடந்து செல்லும் சைக்கிள்களையும், மிதிப்போர் ஆணா பெண்ணா, மாணவரா தொழிலாளரா என்பதையும், அவர் எங்கிருந்து எங்கே போகின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளப் புவியியல் வகுப்பொன்றும் சில அப்பியாசக் கொப்பிகளும் போதும். மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எண்ணவேண்டும். அந்தத் தாள்கள், உள்ளூராட்சிச் சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை விவாதிக்கும் மார்கழிக்கு முன்னதாக அங்கத்தவர்களின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும்.