பர்த்வான் துரத்திய கவிஞன்

கல்கத்தாவில் ‘சம்பாத் பிரபாகர்’ பத்திரிகையை நடத்திவந்த ஈசுவர சந்திர குப்தர், பழைய வங்கக் கவிஞர்களின் கதைகளை ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டியவர். அவற்றில் ஒன்றை 1855இல் தனி நூலாகவே போட்டார். அதன் நாயகன் பாரதசந்திர ராய். 1712 வாக்கில், இன்றைய ஹவுரா மாவட்டத்திலுள்ள பேண்ட்ரோ கிராமத்தில் பிறந்தவர்.

பிறந்தது ஜமீன் வீட்டில். பூர்ஷுட் பர்கனா தந்தை நரேந்திரநாராயணின் கையில் இருந்தது. பர்த்வான் ராஜா கீர்த்திசந்திரரின் தாயாரைப் பற்றி அவர் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டாராம். பர்த்வான் படை வந்தது. கோட்டையும் போயிற்று, நிலமும் போயிற்று. கடைக்குட்டிப் பாரதசந்திரன் தாய்மாமன் ஊருக்கு ஓடினான்.

இதே போன்ற கதை அரபுப் பாலைவனத்திலும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கிந்தா குலத்து இளவரசர் இம்ருல் கைஸ், தந்தை கொல்லப்பட்டதும் இழந்த ஆட்சியை மீட்கக் குலம் குலமாக அலைந்தார். அரபுக் கவிதையின் தலைமகன்களுள் ஒருவராக அவரையே வைக்கிறார்கள். ‘அலையும் அரசன்’ என்பது அவருடைய பட்டப்பெயர். ஆனால் அவர் படை தேடி அலைந்தார். நம் வங்காளிப் பையன் வேலை தேடி அலைந்தான்.

மாமன் வீட்டில் இருந்தபடி சமஸ்கிருத இலக்கணமும் அமரகோசமும் படித்தான். பதினான்கு வயதில் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு வந்து நின்றான். அண்ணன்மார் திட்டித் தீர்த்தார்கள். நவாப் ஆட்சியில் கச்சேரி உத்தியோகத்துக்குப் பாரசீகம் வேண்டும். சமஸ்கிருதம் சோறு போடுமா? ரோஷத்தோடு கிளம்பியவன், ஹூக்ளிக்கருகே தேவானந்தபூரில் ராமசந்திர முன்ஷியின் வீட்டில் தங்கிப் பாரசீகம் கற்றான். பின்னாளில் ‘தேவதாஸ்’ எழுதிய சரத்சந்திரர் பிறந்ததும் இதே ஊரில்தான்.

அங்கே அவன் ஒருவேளைதான் சமைப்பான். அந்தச் சோற்றையே இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வான். தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காய் ஒன்று. பகலுக்குப் பாதி, இரவுக்குப் பாதி. ஒருநாள் முன்ஷி வீட்டில் சத்தியநாராயண பூஜை. கதைப்பாட்டு வாசிக்கும் பொறுப்பு அவனுக்கு. பழைய ஏட்டைப் புரட்டாமல், தானே புதிதாக ஒன்றைப் பாடிக் கூட்டத்தை மலைக்கவைத்தான். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வணங்கிய சத்தியபீரின் கதை அது. குப்தரின் கணக்கில் அப்போது அவனுக்கு வயது 15.

குடும்பம் குத்தகைக்கு எடுத்த நிலத்தின் விவகாரத்தைக் கவனிக்க, அடுத்து அவனைப் பர்த்வானுக்கே அனுப்பினார்கள். அண்ணன்மார் கிஸ்தி கட்டவில்லை. தம்பி சிறைக்குப் போனான். காவலரைச் சரிக்கட்டித் தப்பி, கட்டக் வழியாகப் பூரிக்குப் போய்க் காவி உடுத்தி வைணவர்களோடு சேர்ந்தான். பிருந்தாவனத்துக்குப் புறப்பட்டபோது, வழியில் கானாகுலில் மனைவி வழி உறவினர்கள் அடையாளம் கண்டு, காவியைக் களையவைத்தார்கள்.

பிறகுதான் காலம் திரும்பியது. பிரெஞ்சுக்காரரின் சந்தன்நகரில் திவானாக இருந்த இந்திரநாராயண் சௌத்ரி, நதியா மகாராஜா கிருஷ்ணசந்திரரிடம் சிபாரிசு செய்தார். மாதம் 40 ரூபாய் சம்பளம், ‘ராய் குணாகர்’ என்ற பட்டம். 1752இல் ‘அன்னதாமங்கள்’ காவியம் பிறந்தது.

அதில் சமஸ்கிருதமும் நாட்டுப்புற வங்காளமும் பாரசீக, இந்துஸ்தானிச் சொற்களும் கைகோத்து நடக்கின்றன. சுவையும் தெளிவும் இருந்தால் கலப்பு மொழி குற்றமில்லை என்று கவிஞரே காவியத்துக்குள் வாதாடுகிறார். அண்ணன்மார் பழித்த படிப்பும் அவர்கள் வற்புறுத்திய படிப்பும் ஒரே பாட்டில் பயன்பட்டன. வீட்டோடு சுகமாக இருந்த ஜமீன் பிள்ளைக்கு இந்த மொழி வாய்த்திருக்காது.

காவியத்தின் நடுப்பகுதி வித்யா–சுந்தர் காதல் கதை. மணமாகாத இளவரசியின் அறைக்குச் சுரங்கம் தோண்டிக் காதலன் வந்துபோகிறான். அந்த அரண்மனை இருக்கும் ஊர் பர்த்வான்! இதைப் பழிவாங்கலாகவே வாசித்தவர்கள் உண்டு.

பர்த்வான் அவரை அப்போதும் விடவில்லை. கிருஷ்ணசந்திரர் கங்கைக்கரையில் மூலாஜோர் கிராமத்தை அவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். மராட்டியப் படையெடுப்புக்கு அஞ்சி அந்தப் பக்கம் வந்த பர்த்வான் ராணி, ராமதேவ் நாக் என்ற ஊழியரின் பெயரில் அதே ஊரை வாங்கினார். நாக் கொடுத்த தொல்லை தாங்காமல் கவிஞர் மகாராஜாவுக்கு ஒரு மனு எழுதினார். மனு என்றால் எட்டு சமஸ்கிருதச் சுலோகங்கள்; நாகம் என்னை விழுங்குகிறது என்று சிலேடையில் புலம்பும் ‘நாகாஷ்டகம்’. தொல்லை ஓய்ந்தது.

1760இல் பாரதசந்திரர் மறைந்தார். 1778இல் ஹால்ஹெட் வங்க இலக்கணத்தை அச்சிட்டபோது எடுத்துக்காட்டுக்கு அவருடைய பாடல்களைத் தேடினார். 1795இல் கல்கத்தாவில் வங்க நாடகம் போட்ட ரஷ்யர் லெபதேவ் அவர் பாடல்களுக்கு இசையமைத்தார். 1816இல் கங்காகிஷோர் பட்டாச்சார்யா ‘அன்னதாமங்கள்’ காவியத்தைப் படங்களோடு பதிப்பித்தார். வங்க மொழியில் படங்களோடு அச்சான முதல் புத்தகம் அதுதான்.