கைக்குப் பின்னால் இருக்கும் எலும்பு



பந்து வீசுகிறவனைக் காணும்போது நாம் அவன் கையைப் பார்க்கிறோம். பூப்பந்து ஆடுகிறவளைக் காணும்போது மட்டையைப் பார்க்கிறோம். முதுகைப் பார்ப்பவர் எவருமில்லை. ஆனால், ஓங்கிய கைக்கு ஆதாரமான தோள்பட்டை எலும்பு முதுகின் மேற்புறத்தில்தான் இருக்கிறது. அதன் அசைவு பிசகினால் என்ன ஆகும் என்பதை மனிதர் அறிந்துகொண்ட சரித்திரத்தை இன்று சொல்ல விரும்புகிறேன். நம்மைப் போன்ற ஒரு தோட்டக் குடும்பத்தின் வழித்தோன்றலிடமிருந்தே தொடங்குகிறேன்.

கேமரன் மலையில் போ தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தென்னாட்டிலிருந்து ஒருவர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனார். அவருடைய பேரன்தான் முத்தையா முரளிதரன். 1972இல் கண்டியில் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் யோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார்.

முரளிதரன் என்றதும் முழங்கையைத்தான் உலகம் பேசும். 1995 டிசம்பரில் மெல்பர்ன் திடலில் நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளைச் செல்லாத பந்துகள் என்று அறிவித்தார். அது பல ஆண்டு வழக்காயிற்று. அவர் முழங்கை பிறவியிலேயே முழுவதும் நீளாதது. அந்த வழக்குக்குள் இப்போது போகவேண்டாம். எல்லோரும் முழங்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழுதானது தோள். 2004 மே மாதத்தில் ஹராரேயில், கோர்ட்னி வால்ஷின் 519 விக்கெட் சாதனையை அவர் கடந்தார். ஆகஸ்டில் தோளுக்கு அறுவைச் சிகிச்சை. கணக்கு 532இல் நின்றது. அவர் தோளைக் கட்டிக்கொண்டிருந்த வேளையில், அக்டோபரில், சென்னையில் ஷேன் வார்ன் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டார். அந்த வார்னும் 1998இல் தோளில் கத்தி வைத்துக்கொண்டவர்தான்!

வேகப்பந்து வீசுகிறவருக்குத் தோள் கெடும் என்றால் நம்பலாம். மெதுவாக வீசும் இருவருக்கும் ஏன்? கணக்கைப் பாருங்கள். முரளிதரன் டெஸ்ட் ஆட்டங்களில் மட்டும் வீசிய பந்துகள் 44,039. பயிற்சியில் வீசியவை இதில் சேரா. ஒவ்வொரு பந்துக்கும் கை ஒருமுறை தலைக்கு மேலே போய்த் திரும்ப வேண்டும்.

அப்படிக் கை மேலே போகும்போது உள்ளே நடப்பது என்ன? மேற்கை எலும்பின் தலை ஓர் உருண்டை. அது பொருந்தியிருக்கும் ஆழமில்லாத குழி தோள்பட்டை எலும்பைச் சேர்ந்தது. நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பழம் உருளும் பக்கத்துக்கு ஏற்பக் கரண்டியைச் சாய்த்துக் கொடுக்காவிட்டால் பழம் விழுந்துவிடும். தோள்பட்டை எலும்புதான் கரண்டி. மேற்கையை விட்டால், அது எலும்போடு எலும்பாகச் சேர்வது கழுத்தெலும்பின் நுனியில் மட்டுமே. மற்றபடி, விலாவின்மேல் தசைகளின் பிடியில் வழுக்கிக்கொண்டிருக்கும். தசைகள் சோர்ந்தால் கரண்டி சாய வேண்டிய நேரத்தில் சாயாது. அப்போது உருண்டையைச் சுற்றியுள்ள தசைநார்கள் நசுங்கவும் உராயவும் கூடும்.

இதை ஒரே நாளில் எவரும் கண்டுபிடித்துவிடவில்லை. தோள்பட்டை எலும்பு சிறகுபோல் முதுகிலிருந்து எழும்பி நிற்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது நரம்பு செயலிழந்த நோயாளிகளை. நன்றாக ஓடியாடுகிறவர்களின் முதுகை அவர்கள் ஆராயவில்லை.

1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை வைத்தியர் எர்னஸ்ட் காட்மன் தோளைப் பற்றி மட்டுமே ஒரு பெரும் நூல் வெளியிட்டார். கையும் தோள்பட்டை எலும்பும் ஒரு தாளத்தில் சேர்ந்து அசைகின்றன என்றார். சற்றே பிடிவாதக்காரர் இவர். தாம் வைத்தியம் பார்த்த நோயாளி பிற்பாடு குணமானாரா இல்லையா என்று ஒவ்வொரு வைத்தியரும் தேடிப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும் என்று வாதாடி, சக வைத்தியர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அந்தத் தாளத்தை அளந்தவர்கள் 1944இல் இன்மன், சாண்டர்ஸ், ஆபட் என்னும் மூவர். கையை முழுவதும் உயர்த்தினால் 180 பாகை. அதில் ஏறத்தாழ 120 தோள்மூட்டிலும் 60 தோள்பட்டை எலும்பிலும் நிகழ்கின்றன. அதாவது, மூன்றில் ஒரு பங்கு வேலை நாம் திரும்பியும் பாராத அந்த எலும்புடையது.

விளையாட்டு வீரர்களின் பக்கம் இந்த அறிவு வந்து சேர மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. கென்டக்கி மாநிலத்து வைத்தியர் பென் கிப்ளர் 1998இல் எழுதிய கட்டுரையில், கால்களிலும் இடுப்பிலும் பிறக்கும் விசையைக் கைக்குக் கடத்தும் பாலம் தோள்பட்டை எலும்பு என்று விளக்கினார். வலிக்கும் இடத்தை மட்டும் தடவாமல் முதுகுப்பக்கம் நின்று பார்க்கும் பழக்கம் அதன்பின் பரவியது.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் பள்ளியில் ஒரு சிறுமி பூப்பந்தில் கெட்டிக்காரி. 1971இல் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை இங் பூன் பீயுடன் சேர்ந்து வென்ற நம் பஞ்ச் குணாளனின் கதைகளைத் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்தவள். மாவட்டப் போட்டி நெருங்கியது. தோள் வலிக்கிறது என்றாள். “வலிக்க வலிக்க ஆடினால்தான் கை பழகும், அம்மா” என்று சொல்லி, இன்னும் ஐம்பது அடி அடிக்கச் சொன்னேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்விப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன் வேறு!

உண்மையைக் கண்டவர் அவளுடைய தாயார். மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் பெண். பிள்ளைக்குத் தலை துவட்டும்போது பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்கு வந்தார். “சார், இவ வலது முதுகு எலும்பு கோழி றெக்க மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. கையை இறக்கும்போது வெடுக்குன்னு குதிக்குது” என்றார். வைத்தியர்கள் சிறகு என்றார்கள், அந்தத் தாய் றெக்கை என்றார். இருவர் கண்டதும் ஒன்றே. அரசாங்க மருத்துவமனையில் நரம்புக் கோளாறு இல்லை, தசைச் சோர்வுதான் என்றார்கள். ஓங்கி அடிப்பதைச் சில வாரம் நிறுத்தி, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளும் பயிற்சியும், ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். மாவட்டப் போட்டிக்கு அவள் போகவில்லை. மறு ஆண்டு போனாள்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை ஒவ்வொரு கையிலும் தண்ணீர் நிரம்பிய சிறு போத்தலைப் பிடித்துக்கொண்டு, கைகளை முன்புறமாக ஐந்து முறை மெதுவாக உயர்த்தி இறக்கட்டும். மெல்லிய பனியன் போதும். பின்னால் நின்று, இறங்கும்போது இருபுறமும் ஒத்துப் போகின்றனவா என்று கவனியுங்கள். கொஞ்சம் வேறுபாடு இருந்தால் பயந்துவிடாதீர்கள். 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கையை ஓங்கி ஆடுவோரில் 100க்கு 61 பேரிடமும், மற்ற விளையாட்டுக்காரர்களில் 33 பேரிடமும் இந்தப் பிசகு காணப்பட்டது. அவர்களில் பலருக்கு வலியே இல்லை. ஆகவே இதை ஒரு நோய் என்று சொல்லமாட்டார்கள். வலியும் சேர்ந்திருந்தாலோ, எலும்பு திடீரென்று எழும்பி நின்றாலோ, கை உயர மறுத்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முரளிதரன் தோள் ஆறித் திரும்பினார். 2007 டிசம்பரில் பிறந்த ஊரான கண்டியிலேயே வார்னின் 708ஐக் கடந்து, 2010 ஜூலையில் காலி திடலில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். என் மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் ஆடுகிறாள். பயிற்சிக்கு முன் சுவரைத் தள்ளுகிறாள். தாயார் இன்னமும் அவள் முதுகைத்தான் பார்க்கிறார்.