கசெட்டில் வந்த கடிதங்கள்

தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் முதலில் வருவது வரலாற்று மூலாதாரங்கள். இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று இரண்டாகப் பிரித்து, மகாவம்சத்தையும் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் உதாரணம் காட்டிப் பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். அண்மையில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தேன். "நமது ஊருக்கும் வரலாறு இருக்கிறது. அதற்கான மூலாதாரம் உங்கள் வீடுகளில்தான் கிடக்கும். பழைய சாமான் ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பித்தளை வட்டா வந்தது, அரிக்கன் லாம்பு வந்தது, கறையான் தின்ற காணி உறுதி ஒன்றும் வந்தது. ஒரு மாணவி ஒரு கசெட்டை மேசையில் வைத்துவிட்டு, "சேர், இது என்ன? உம்மும்மாட அலுமாரியில கிடந்த" என்றாள்.

வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவன் அதன் பல்லுச் சக்கரத்தில் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தான். இன்னொருவன் பழைய கெமராவின் பாகம் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தேழு வயதில் நான் வாழ்ந்த காலமே தொல்பொருளாகிவிட்டதே என்ற திகைப்புத்தான் வந்தது. அன்றிரவு நெடுநேரம் யோசித்ததன் விளைவே இக்கட்டுரை. இதை வரலாறு என்று சொல்லலாமா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

கசெட் என்ற இந்தச் சிறிய பெட்டியை ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. நமது ஊர்களுக்கு அது பெருமளவில் வந்து சேர இரண்டு கதவுகள் திறக்க வேண்டியிருந்தது. ஒன்று, 1973 இன் எண்ணெய் விலையேற்றம். அதன் பின் வளைகுடா நாடுகளில் கட்டடங்களும் வீதிகளும் எழ, அவற்றைக் கட்டவும் அங்குள்ள வீடுகளைக் கூட்டிப் பெருக்கவும் வெளிநாட்டுக் கைகள் தேவைப்பட்டன. மற்றையது, 1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கத்தின் திறந்த பொருளாதாரம். முதலில் ஆண்கள் போனார்கள், பின்னர் பெண்கள் போனார்கள். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அரசாங்கம் சட்டமியற்றி அமைத்தபோது, கிழக்கிலங்கையின் முஸ்லிம் கிராமங்களில் வெளிநாடு போன பெண்கள் புதினமாக இருக்கவில்லை.

அதற்கு முன்னர் எங்கள் வீடுகளில் பேசிய ஒரே இயந்திரம் றேடியோதான். இந்நாட்டில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கியது; 1949 இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது. அதன் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டாரும் காத்திருந்து கேட்டார்கள். எங்கள் மூத்தம்மா அறபுத்தமிழ் வாசிப்பா, தமிழ் எழுத்து அவவுக்குத் தெரியாது. ஆனால் மயில்வாகனத்தின் குரல் எது, கே.எஸ். ராஜாவின் குரல் எது, பி.எச். அப்துல் ஹமீதின் குரல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா. சினிமாப் பாட்டுக் கேட்பது பாவம் என்பதும் அவவுடைய கொள்கை. ஆகையால் பாட்டு வரும்போது சத்தத்தைக் குறைப்பா, நிறுத்தமாட்டா. "அறிவிப்பாளர் என்னமும் சொல்லுவார், அதுக்காகத்தான்" என்பது அவவின் நியாயம்.

இந்த இரட்டை நிலை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1976 இல் வெளியான இலங்கைத் தமிழ்ப் படமான 'கோமாளிகள்' வானொலி நாடகத்திலிருந்து பிறந்தது. அதில் முஸ்லிம் பேச்சுத் தமிழ் பேசும் மரைக்கார் பாத்திரத்தில் நடித்தவர் எஸ். ராம்தாஸ். கடைசிவரை அவர் 'மரைக்கார் ராம்தாஸ்' என்றே அறியப்பட்டார். படம் பார்ப்பது கூடாது என்று சொன்ன வீடுகளிலும் "நம்மட மரைக்கார்" என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரிலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் வந்தபோதும் இதே கதைதான். எங்கள் கிராமத்துக்குக் கரண்ட் வராத காலம். கார் பற்றரியில் டீவி ஓடும் வீட்டு முற்றத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இருப்போம். மஃரிபு பாங்கு கேட்டதும் வீட்டுக்காரர் டீவியைத் துணியால் மூடுவார். தொழுகை முடிய அவரே துணியை எடுப்பார்.

ஆனால் றேடியோவும் டீவியும் ஊரார் எல்லோருக்கும் ஒரே சங்கதியைச் சொன்னவை. ஒரு வீட்டுக்கு மட்டும் பேசிய இயந்திரம் கசெட்தான்.

என் உம்மா 1988 இல் குவைத்துக்குப் போனா. அப்போது எனக்குப் பத்து வயது. வாப்பாவுக்கு வயற்கூலி, அது ஆறு மாதம் இருக்கும், ஆறு மாதம் இராது. உம்மா படித்தது மூன்றாம் வகுப்பு வரை. முதல் வருடம் யாரோ ஒரு பெண்ணைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினா. எழுதுகிறவள் முன்னால் எதைச் சொல்வது, எதை விடுவது? எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருந்தது. 1989 இல், ஊருக்குத் திரும்பி வந்த ஒருவரிடம் இரண்டு ஸ்பீக்கர் வைத்த நெஷனல் றேடியோ கசெட் ஒன்றைக் கொடுத்தனுப்பினா. அதற்குள் ஒரு கசெட்டும் இருந்தது. வாப்பா அதைப் போட்டார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று உம்மாவின் குரல் வந்ததும் மூத்தம்மா எழுந்து நின்று பதில் ஸலாம் சொன்னா. அது என் கண்ணுக்குள் இன்றும் நிற்கிறது.

எழுத்தறிவு குறைந்த எத்தனையோ தாய்மாருக்கு இந்தக் கசெட் பேனாவாகவும் கடதாசியாகவும் இருந்தது. எழுதித் தரும் ஆளும் வாசித்துக் காட்டும் ஆளும் இல்லாமல் ஒரு பெண் தன் வீட்டோடு நேரடியாகப் பேச அது வழி செய்தது. நமது பெண்களின் சமூக வரலாற்றில் இது சிறிய விடயமல்ல. ஆயினும் இது பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு.

நாங்களும் பதில் பேசி அனுப்பினோம். பெரிய பற்றரி ஆறு போட வேண்டும். விலை கூடுதலாகையால் பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவோம். பின்னோக்கிச் சுற்றுவதற்குப் பற்றரியைச் செலவழிக்காமல் பேனையைத் துளையில் விட்டுக் கையால் சுற்றுவோம். கசெட்டின் முதுகில் இரண்டு சிறிய பிளாஸ்ரிக் காதுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே எதையும் பதிய முடியாது. உம்மாவின் கசெட் வந்ததும் வாப்பா முதல் வேலையாகக் கத்தி நுனியால் அந்தக் காதுகளை உடைத்துவிடுவார். "இனி இது அழியாது" என்பார்.

உடைத்த காதை மூடிவிட்டால் மீண்டும் பதியலாம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டாளியிடம் அறிந்துகொண்டேன். 1989 இல் 'கரகாட்டக்காரன்' வந்திருந்த காலம். இளையராஜாவின் அந்தப் பாட்டுகள் கேட்காத தெரு இல்லை. றெக்கோடிங் பாரில் கொடுத்துப் பதிய என்னிடம் காசில்லை, வெறும் கசெட்டும் இல்லை. 1990 ஜூலையில் ஒரு நாள், வாப்பா வயலுக்குப் போயிருந்த நேரம், உம்மாவின் கடைசிக் கசெட்டை எடுத்து, ஓட்டைக்குள் கொப்பித்தாளைச் சுருட்டி அடைத்து, வானொலியில் வந்த பாட்டுகளைப் பதிந்தேன். உம்மாவின் பழைய கசெட் வேறு இரண்டு இருந்தன. ஆனால் அவற்றில் பேச்சு நீளம். இதில் கொஞ்சந்தான் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கணக்கு அது.

1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி, வியாழக்கிழமை, ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த வாரம் ஏறாவூர். வரலாற்று நூல்களில் குவைத்து ஒரு நூலிலும் காத்தான்குடி வேறொரு நூலிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அவை அடுத்தடுத்த இரண்டு இரவுகள். வாப்பா றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு பிபிசி தமிழோசை தேடினார். உம்மா இருந்த ஊரின் பெயர் அதில் வரவில்லை. எங்கள் ஊரின் பெயரும் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று எவருக்கும் தெரியவில்லை. இரவில் ஆண்கள் தெருமுனையில் முறைவைத்து விழித்திருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை வாப்பா, "உம்மா கடைசியா அனுப்பின கசெட்டப் போடு, மகன்" என்றார். நான் அசையவில்லை. அவரே எடுத்துப் போட்டார். பாட்டு வந்தது. நான் பதிந்தபோது பற்றரி இறங்கியிருந்ததால் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. இப்போது பாட்டுகள் வேகமாக, கோழிக்குஞ்சு கத்துவது போலக் கேட்டன. வாப்பா கசெட்டை வெளியே எடுத்து முதுகைப் பார்த்தார். ஓட்டைக்குள் இருந்த தாளை நகத்தால் கிண்டி எடுத்தார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பற்றரிகளைக் கழற்றி நிலைப்படியில் வரிசையாக வைத்தார். அந்தி நேரம், வெயில் இல்லை. மூத்தம்மா உள்ளே போய்விட்டா.

உம்மா உயிரோடு வந்து சேர்ந்தா, அல்ஹம்துலில்லாஹ். குவைத்திலிருந்து ஈராக் வழியாக ஜோர்தான் எல்லை, பாலைவனத்தில் கூடார முகாம், பிறகு அம்மானிலிருந்து விமானம். ஓக்டோபரில் வீட்டு வாசலில் நின்றபோது கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. பின்னாளில் ஐக்கிய நாடுகளின் நட்டஈட்டு ஆணைக்குழு, வெளியேற நேர்ந்தவர்களுக்கு ஒரு நிர்ணயத் தொகை வழங்கியது. அதற்கான படிவத்தை நிரப்பியது எனக்கு நினைவிருக்கிறது. குவைத்தை விட்டு வெளியேறிய திகதியையும் அதற்குரிய அத்தாட்சியையுமே பிரதானமாகக் கேட்டார்கள். உலகத்துக்கு உம்மாவின் வரலாற்றில் தேவைப்பட்டது ஒரு திகதி மட்டுமே.

வாப்பா கசெட் விடயத்தை உம்மாவிடம் சொல்லவேயில்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது மற்றைய கசெட்டுகள் பெட்டியோடு போய்விட்டன. நான் கெடுத்த அந்த ஒன்று மட்டும், வெட்கத்தில் ஆசிரியர் கலாசாலைக்கு எடுத்துப்போன பயணப் பெட்டிக்குள் கிடந்ததால் தப்பியது. அதன் முதற் பக்கம் முழுவதும் அழியவில்லை. பற்றரி இடையில் செத்துவிட்டதால், பாட்டு நின்ற இடத்துக்குப் பின் சுமார் நான்கு நிமிடம் உம்மாவின் குரல் மிஞ்சியிருக்கிறது. "நான் நல்லா இரிக்கன். சோறு கறியெல்லாம் நேரத்துக்குத் தாராங்க. ஊட்டுக்காரி சொந்தத் தாய் மாதிரி. நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க." இவ்வளவும் குசுகுசுத்த குரலில்.

வகுப்பில் அந்த மாணவி கசெட் கொண்டுவந்த வாரம், அயல் ஊரில் ஓடக்கூடிய ஒரு பழைய செட்டைத் தேடிப் பிடித்து, உம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்துக் குற்றம். உம்மா முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தா.

"இதுக்கா மனே இவ்வளவு காலமும் மனசப் போட்டு வருத்தின? நான் அதுல சொன்ன எல்லாம் பொய்."

"எல்லாமா உம்மா?"

"ஸலாம் மட்டும் மெய்."

அவ அந்தக் கசெட்டைப் பேசியது எல்லோரும் உறங்கிய பின், குசினிக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில், போர்வைக்குள். அதனால்தான் அந்தக் குசுகுசுப்பு. நாலு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்த நேரமாம். ஜோர்தான் முகாமில் யாரோ ஒருத்தி, மட்டக்களப்புப் பக்கம் பள்ளியில் சுட்டுவிட்டார்களாம் என்று சொல்லியிருக்கிறாள். ஊரின் பெயர் சொல்லத் தெரியவில்லை. வந்து சேரும் வரை எங்களில் யார் இருக்கிறோம் என்று உம்மாவுக்குத் தெரியாது. இவையெல்லாம் எந்தக் கசெட்டிலும் இருந்ததில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

வரலாறு படிப்பிக்கின்ற எனக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. அந்தக் கசெட் அழியாமல் இருந்திருந்தால், "குவைத்தில் எங்கள் பெண்கள் நன்றாகவே நடத்தப்பட்டார்கள், இதோ அவர்களின் சொந்தக் குரல்" என்று நானே சான்று காட்டியிருப்பேன். மூலாதாரம் கிடைப்பது பாதி வேலைதான். யாருக்காக, எந்த அறையிலிருந்து, எவ்வளவு மெதுவான குரலில் சொல்லப்பட்டது என்று கேட்பது மீதி. அதற்காக மூலாதாரம் அழியட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. பொய்யாயினும் அந்தக் குசுகுசுப்பு இருந்ததால்தான் நான் உம்மாவைக் கேட்டேன்.

இன்று என் தங்கையின் மகன் கட்டாரில் இருக்கிறான். தினமும் கைத்தொலைபேசிக்குக் குரற்செய்தி வருகிறது. போன மாதம் இடம் போதவில்லை என்று தங்கை எல்லாவற்றையும் ஒரே தொடுகையில் அழித்துவிட்டாள். தாள் சுருட்டி அடைக்கும் சிரமம்கூட இல்லை. நான் அவளை ஏசவில்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரிகளில் இன்னும் இப்படியான கசெட்டுகள் கிடக்கும். ஹனிபாவின் பாட்டு என்றும் மௌலவிமாரின் பயான் என்றும் மேலே எழுதியிருக்கும். உள்ளே ஒரு தாயின் குரல் இருக்கக்கூடும். ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடித்துக்கொண்டு வருகிறது. எடுத்துக் கேளுங்கள், வேறொன்றில் பதிந்து வையுங்கள். பேசியவர் ஹயாத்தோடு இருந்தால், பக்கத்தில் இருந்து அவரிடம் கேட்டும் விடுங்கள்.

அந்த மாணவியின் கசெட் இப்போது என் மேசையில் இருக்கிறது. பூஞ்சணத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள், "சேர், பேசினதா?" என்று கேட்கிறாள். இன்னும் இல்லை. அதற்கிடையில் உம்மும்மாவிடம் போய்க் கேள் என்று சொல்லியிருக்கிறேன். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.