கேப்டன் லட்சுமியும் 2002 குடியரசுத் தலைவர் தேர்தலும்: ஆனைக்கரை மரபின் வழியே ஓர் ஆய்வு

முன்னுரை

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று இடுக்கி மாவட்டத்தில், தமிழகத்தை ஒட்டிய ஏலமலைப் பகுதியில் இருக்கிறது. மற்றொன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழையை அடுத்து இருக்கிறது. இக்கட்டுரை இரண்டாவது ஊரிலிருந்து தொடங்குகிறது. அங்குள்ள வடக்கத்து தரவாட்டின் (நாயர் கூட்டுக்குடும்பத்தின்) தாய்வழியில் வந்த லட்சுமி சாகல், 2002 ஜூலை 15 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் நான்கு இடதுசாரிக் கட்சிகளின் வேட்பாளராக நின்றார். அப்போது அவருக்கு வயது 87. இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் படைக்குத் தலைமை ஏற்றவர் அவர்.

வெல்ல வழியில்லை என்பது வேட்புமனு அளித்த நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் அந்தப் போட்டிக்கு என்ன பொருள்? லட்சுமியின் குடும்பம், படைவாழ்வு, கட்சிவாழ்வு, நம் தேர்தல் முறை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

தாய்வழியும் தமிழ்வழியும்

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று பிறந்தார். தந்தை சுவாமிநாதன் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர். சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர். தாய் அம்மு ஆனைக்கரை வடக்கத்து நாயர் குடும்பத்தில் பிறந்தவர். மருமக்கள்தாய முறைப்படி பிள்ளைகள் தாயின் தரவாட்டைச் சேர்ந்தவர்கள். அந்தக் கணக்கில், சென்னையில் வளர்ந்தாலும் லட்சுமி ஆனைக்கரைக்காரர்.

அந்தத் தரவாடு பொதுவாழ்வுக்குத் தந்த பெண்கள் பலர். அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையின் 15 பெண் உறுப்பினர்களில் ஒருவர். 1952இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்றார். மலபாரில் சட்டமறுப்புப் போராட்டத்தில் கைக்குழந்தையோடு சிறை சென்ற ஏ.வி.குட்டிமாளு அம்மாவும் இதே குடும்பத்தவர். லட்சுமியின் தங்கை மிருணாளினி சாராபாய் நடனத்தில் பெயர் பெற்றார்.

லட்சுமி தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி ஒதுக்கிவைத்த பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் கைபிடித்து அழைத்துவந்து அவர் விளையாடினார். பாட்டிக்குக் கடுங்கோபம், பேத்தி விட்டுக்கொடுக்கவில்லை. பெருமை பேசும் வீட்டுக்குள் இருந்த அநீதியை அந்த வீட்டுப் பிள்ளையே மறுத்தது, பின்னால் அவர் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் முன்னோட்டமாக அமைந்தது.

மருத்துவர் படை அதிகாரியானது

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்ற லட்சுமி, 1940இல் சிங்கப்பூர் சென்றார். அங்கே அவருடைய மருத்துவமனைக்கு வந்தவர்களில் இந்தியக் கூலித்தொழிலாளர்கள் மிகுதி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். அதை அமைக்கும் பொறுப்பை லட்சுமி ஏற்றார். ஜான்சி ராணிப் படை எனப் பெயரிடப்பட்ட அந்தப் பிரிவின் பயிற்சி முகாம் அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் போஸ் அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் அவர் மகளிர் துறை அமைச்சரானார்.

படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப்பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத பலர், அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள். ‘கேப்டன்’ என்ற சொல் லட்சுமியின் பெயரோடு வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது இந்தப் படைவாழ்வால்தான்.

1945இல் பர்மாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்ட அவர், 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு, இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான செங்கோட்டை வழக்கில் விசாரிக்கப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் சாகலை மணந்து கான்பூரில் குடியேறினார். விடுதலை பெற்ற நாடு இந்திய தேசிய ராணுவத்தினரைத் தன் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆக, அவருடைய ராணுவப் பதவி அரசு தந்ததல்ல; மக்கள் நினைவில் நிலைபெற்றது.

கட்சியை நோக்கி

கான்பூரில் அவர் பிரிவினை அகதிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் மருத்துவம் பார்த்தார். 1971இல் கிழக்கு வங்க அகதிகள் வந்தபோது மேற்கு வங்க முகாம்களுக்குச் சென்றார். அந்தக் காலகட்டத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1981இல் உருவான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1984இல் போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் மருத்துவக் குழுவோடு அங்கு சென்றார்.

இங்கே ஒரு வரலாற்றுத் திருப்பம் உண்டு. 1940களில் கம்யூனிஸ்டுகள் உலகப்போரை மக்கள் யுத்தம் என்று கருதி, ஜப்பானோடு சேர்ந்த போஸைக் கடுமையாகத் தாக்கினார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, போஸின் படை அதிகாரியையே நாட்டின் முதல் பதவிக்கு முன்மொழிந்தார்கள். போஸ் 1939இல் நிறுவிய ஃபார்வர்டு பிளாக்கும் அந்த நான்கு கட்சிகளில் ஒன்று. பழைய மதிப்பீடு பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறில்லை என்பது என் கருத்து.

தேர்தல் முறையும் சிறு கட்சிகளும்

குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே, ஒவ்வொருவருக்கும் உரிய வாக்கு மதிப்போடு, தேர்வு செய்கிறார்கள். 1967இல் 17 பேர் போட்டியிட்டனர். இதைக் கட்டுப்படுத்த 1974இல் முன்மொழிவோர் 10 பேர், வழிமொழிவோர் 10 பேர் என்ற விதி வந்தது. 1997இல் அது தலா 50 ஆக உயர்ந்தது. அதன்பின் தனிமனிதர் எவரும் விருப்பத்தால் மட்டும் களமிறங்க இயலவில்லை. சிறு கட்சிகள் ஒன்றுகூடினால் மட்டுமே எதிர்ப்பைப் பதிவுசெய்ய முடியும்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர்களின் பட்டியலில் பாலக்காட்டின் பங்கு கவனத்துக்குரியது. 1987இல் இடதுசாரிகள் ஆதரவோடு நின்று, ஆர்.வெங்கட்ராமனின் 7,40,148க்கு எதிராக 2,81,550 வாக்கு மதிப்புப் பெற்ற வி.ஆர்.கிருஷ்ணய்யர் அம்மாவட்டத்தில் பிறந்தவர். 1997இல் கே.ஆர்.நாராயணனிடம் 50,631 மதிப்போடு தோற்ற டி.என்.சேஷனும் அப்படியே. வென்ற நாராயணனோ பாலக்காட்டு ஒற்றப்பாலத்திலிருந்து மக்களவைக்குச் சென்றவர். இந்த வரிசையில் அடுத்து வருகிறது லட்சுமியின் பெயர்.

2002: எண்களும் பொருளும்

இடதுசாரிகள் முதலில் நாராயணனுக்கு இரண்டாம் முறை வாய்ப்பு வேண்டும் என்றார்கள். தேசிய ஜனநாயகக் கூட்டணி ஏ.பி.ஜே.அப்துல் கலாமை அறிவித்ததும் காங்கிரஸ், சமாஜ்வாதி, தி.மு.க., அ.தி.மு.க. என எதிரெதிர் முகாம்களும் அவரை ஆதரித்தன. குஜராத் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆளும் கூட்டணியின் தேர்வை அப்படியே ஏற்பது தகாது என இடதுசாரிகள் நினைத்தார்கள். கலாமின் தகுதியை இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்தவில்லை. போட்டியே இல்லாமல் அவர் தேர்வாகியிருந்தால், அன்றைய அரசியல் மறுப்புக்கு ஏடுகளில் தடமே இருந்திருக்காது.

முடிவில் கலாம் 4,152 வாக்குகளும் 9,22,884 மதிப்பும் பெற்றார். லட்சுமிக்கு 459 வாக்குகள், மதிப்பு 1,07,366. இதன் அடித்தளத்தைக் கணக்கிட முடியும். 2001 தேர்தலில் மேற்கு வங்க இடது முன்னணிக்கு 199 இடங்கள். ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு 151. கேரள இடது ஜனநாயக முன்னணிக்கு 40 இடங்கள், மதிப்பு 152. 1999இல் மக்களவைக்கு வென்ற இடதுசாரிகள் 42 பேர், மதிப்பு 708. இம்மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 66,000. தாய்வழி ஊர் இருந்த கேரளத்தின் சட்டமன்றப் பங்கு இதில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

படைவாழ்விலிருந்து வந்து சிறு கட்சியின் சார்பில் நின்ற ஒருவரை இலங்கையில் பார்த்தால், லட்சுமியின் போட்டி எப்படி வேறுபட்டது என்பது விளங்கும். அங்கே அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2010 ஜனவரியில் முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா, புதிய ஜனநாயக முன்னணி என்ற சிறு கட்சியின் அன்னச் சின்னத்தில் நின்று 40.15 விழுக்காடு பெற்றார். இரண்டு வாரத்துக்குள் கைது செய்யப்பட்டார். பொன்சேகாவுக்குச் சிறு கட்சி ஆட்சியைப் பிடிக்கும் வாகனம். உள்நாட்டுப் போரின் வெற்றி அவரது மூலதனம். லட்சுமியின் படை வெல்லவில்லை, அவருடைய கட்சிகளிடம் எண்ணிக்கை இல்லை. அவர் கொண்டுவந்தது அறுபது ஆண்டு மக்கள்பணியின் சாட்சியம்.

முடிவுரை

பாட்டியின் கட்டளை, பேரரசின் ஆட்சி, பெரும்பாலான கட்சிகளின் ஒருமித்த முடிவு ஆகிய மூன்றின் முன்னும் லட்சுமி பணியாமல் நின்றார். மூன்றிலும் தோல்விக்கான வாய்ப்பே அதிகம் என்று அறிந்தே நின்றார். தேர்தலுக்குப் பிறகும் தொண்ணூறு வயதைக் கடந்து கான்பூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012 ஜூலை 23 அன்று 97 வயதில் மறைந்தபோது, உடலை அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக அளித்தார்கள்.

தேர்தல் வரலாற்றை வென்றவர்களின் பட்டியலாக மட்டும் எழுதினால் 2002ஆம் ஆண்டுக்கு ஒரு பெயர் போதும். அந்த 459 வாக்குகளையும் சேர்த்து எழுதினால், ஆனைக்கரைத் தரவாட்டுப் பெண்களும் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப்பெண்களும் குடியரசின் ஏட்டில் இடம்பெறுவார்கள். அந்த இடம் அவர்களுக்கு உரியது.