கப்பல் நிற்கும் நேரத்தில் ஓர் எரிமலை

1867 ஜூன் 8 அன்று ‘குவேக்கர் சிட்டி’ என்ற நீராவிக் கப்பல் நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. சரக்கு ஏற்றவும் இல்லை, பிழைப்புத் தேடிப் போகிறவர்களை ஏற்றவும் இல்லை. ஊர் சுற்றிப் பார்ப்பது ஒன்றே நோக்கம். அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டிப் போன முதல் உல்லாசப் பயணங்களில் அதுவும் ஒன்று. கட்டணம் ஆளுக்கு 1,250 டாலர். பயணிகளுக்குக் கொடுத்த அச்சடித்த திட்டத்தில் ஹெர்குலேனியம், பாம்பெய் ஆகிய பழைய நகரங்களின் பெயர்களுடன் வெசூவியஸும் இருந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் நாட்களில் ஓர் எரிமலையை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற யோசனை அப்போதே விலைக்கு வந்துவிட்டது.

திட்டம் போட்டபடி நடக்கவில்லை. ஆகஸ்டில் நேப்பிள்ஸுக்கு வந்த கப்பலை, காலரா பயத்தில் துறைமுகத்திலேயே ஒதுக்கி நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கரையில் கால்வைக்க அனுமதி இல்லை. முன்பே வேறு துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வந்த சிலர் மட்டும் மலை ஏறினார்கள். அவர்களில் ஒருவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். ஏறும்போது பட்ட பாட்டையும், முழங்கால் அளவு சாம்பலில் பாய்ந்து பாய்ந்து நான்கே நிமிடத்தில் இறங்கியதையும் 1869-இல் வெளிவந்த பயண நூலில் எழுதினார்.

நேப்பிள்ஸிலிருந்து பார்த்தால் வெசூவியஸ் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். உயரமும் 1,281 மீட்டர்தான். சிரமம் எல்லாம் உச்சிக் கூம்பில் இருந்தது. இளகிய சாம்பலும் கருகிய கல்லுமான சரிவு அது. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி பின்னால் சறுக்கும். அந்தக் கூம்பில் வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்கள் மலையடிவாரத்து ரெசினா ஊர்க்காரர்கள். பழைய ஹெர்குலேனியம் நகரம் புதைந்து கிடப்பது இந்த ஊருக்கு அடியில்தான். 1969-இல் ஊர்ப் பெயரையே எர்கொலானோ என்று மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் வேலை செய்த விதம் எளிமையானது. கூம்பின் அடிவரை குதிரை, கோவேறு கழுதை. அதற்கு மேல் வழிகாட்டி தன் இடுப்பில் தோல்வார் கட்டிக்கொண்டு முன்னால் ஏறுவார். வந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறுவார். 1787 மார்ச்சில் ஜெர்மானியக் கவிஞர் கதே மூன்று முறை போனார். முதல் முறை புகையில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் முறை, மலை கல்லைக் கக்கும் இடைவெளியைக் கணக்கிட்டு, வழிகாட்டியோடு வாய்விளிம்புவரை ஓடிப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் சாம்பலோடு திரும்பினார். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் பல ஆண்டுகள் இந்த மலையைக் கவனித்து எழுதியவர். அவருக்குத் துணையாக ஏறியவர் பார்த்தலோமியோ பூமோ என்ற ஒற்றைக்கண் வழிகாட்டி. எரிமலை அறிவியலின் தொடக்கத்தில் ஹாமில்டனுக்கு இடம் உண்டு. பூமோவின் கால்கள் இல்லாமல் அந்த இடம் வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கு டோலி. 1845 பிப்ரவரியில், பனி உறைந்த சரிவில் ஆங்கில எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் ஒரு கூட்டத்தோடு ஏறினார். கூட வந்த பெண்களைத் தூக்க ஆறாறு பேர். பருமனான ஒரு மனிதரைத் தூக்க 15 பேர் என்று அவர் எழுதியிருக்கிறார். ஒரு மனிதரின் ஆசைக்குப் பதினைந்து தோள்கள்!

இதற்கிடையே 1841-இல் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் மலைச்சரிவில், சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஓர் ஆய்வகம் நிறுவினார். உலகின் முதல் எரிமலை ஆய்வகம் அது. 1872 ஏப்ரல் 26 அதிகாலையில் அதன் அருமை விளங்கியது. வழியும் எரிகுழம்பைப் பார்க்க இரவிலேயே மேலே போன கூட்டத்துக்கு அருகே மலை திடீரெனப் பிளந்தது. மருத்துவ மாணவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். இயக்குநர் லூயிஜி பல்மியேரி மட்டும், இருபுறமும் நெருப்பு ஓட, ஆய்வகத்தை விட்டு நகராமல் கருவிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

எட்டு ஆண்டுகளில் மலைக்கு இயந்திரம் வந்தது. 1880 ஜூனில் கூம்பின் மேல் கம்பிவடத்தால் இழுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பழநி விஞ்சில் போனவர்களுக்கு அதன் அமைப்பு உடனே புரியும். சுமார் 800 மீட்டர் பாதை, இரண்டு பெட்டிகள். ஒன்றின் பெயர் வெசூவியோ, மற்றது எட்னா. ‘ஃபுனிகுலி, ஃபுனிகுலா’ என்ற புகழ்பெற்ற பாட்டு இந்த ரயிலுக்காக அதே ஆண்டு பிறந்ததுதான். தோல்வாரும் டோலியும் செய்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிட்ட பெட்டிகள் ரெசினாக்காரர்களின் வயிற்றில் அடித்தன. 1880-களின் இறுதியில் தாமஸ் குக் நிறுவனம் ரயிலை வாங்கியபோது தகராறு முற்றியது. தண்டவாளத்தை வெட்டினார்கள், நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். கடைசியில் வழிகாட்டிகளுக்கும் பணம் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது. தீ வைத்தது தவறு. ஆனால் தலைமுறைகளாக உயிரைப் பணயம் வைத்து அவர்கள் வளர்த்த தொழிலில் பங்கு கேட்டது நியாயமே.

1903-இல் குக் நிறுவனம் அடிவாரத்திலிருந்தே மின்சார ரயிலும் போட்டது. அதோடு ஒருநாள் வெசூவியஸ் என்ற ஏற்பாடு முழுமை பெற்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொழும்பு, சூயஸ் வழியாக லண்டன் போன ஓரியன்ட் லைன் கப்பல்கள் நேப்பிள்ஸில் நிற்கும். குதிரை பேரம் பேசாமல், சாம்பலில் சறுக்காமல், பயணிகள் ஒரே பகலில் போய்வரலாம்.

மூன்றே ஆண்டுதான். 1906 ஏப்ரலில் மலை வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சான் ஜுசெப்பே என்ற ஊரில் சாம்பல் பாரம் தாங்காமல் தேவாலயக் கூரை இடிந்து, உள்ளே அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் விழுந்தது. கம்பிவட ரயிலும் அழிந்தது. 1909-இல் மறுபடி கட்டினார்கள். 1944 மார்ச்சில், உலகப்போரின் நடுவே, மலை அதையும் அழித்தது. பாம்பெய்க்கு அருகே நின்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பலவும் நாசமாயின. அதுவே இன்றுவரை கடைசி வெடிப்பு. 1953 முதல் 1984 வரை தொங்கு நாற்காலிகள் ஓடின. பிறகு அவையும் நின்றன.

ஆக, இன்று கப்பலிலிருந்து இறங்குகிறவர் கூம்பை நடந்தே ஏற வேண்டும். பேருந்தோ காரோ சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். மீதி, சரளைப் பாதையில் அரைமணி நேரம். மலை 1995 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். காற்றும் மழையும் மோசமானால் பாதையை மூடிவிடுவார்கள். ஆறேழு மணி நேரமே கையில் இருந்தால் பாம்பெயையும் மலையையும் ஒரே பகலில் அடைக்க வேண்டாம். மலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வழிகாட்டி பேசும்போது நின்று கேளுங்கள். பல்மியேரி உட்கார்ந்திருந்த ஆய்வகக் கட்டடம் இன்னும் மலைச்சரிவில் இருக்கிறது. மலையைக் கண்காணிக்கும் வேலை மட்டும் நேப்பிள்ஸ் நகருக்குள் மாறி, இரவுபகலாக நடக்கிறது. ஏனெனில் மலை மறுபடி வெடித்தால் உடனே காலி செய்ய வேண்டிய சிவப்பு மண்டலத்தில் சுமார் 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.