ஸ்த்ரிபா நதிக்கரையில் ஒரு நகர மன்றம்

மேற்கு உக்ரைனின் தெர்னோபில் மாகாணத்தில், நீஸ்டர் ஆற்றில் சென்று கலக்கும் ஸ்த்ரிபா என்னும் சிறு நதியின் வளைவில் அமைந்திருக்கிறது புச்சாச். சுமார் 12 ஆயிரம் பேர் வாழும் ஊர். நம் வாசகர்களில் சிலர் இப்பெயரை அறிந்திருந்தால் அது அக்னான் வழியாகவே இருக்கும். 1966இல் நெல்லி சாக்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அந்த ஹீப்ரு எழுத்தாளர் பிறந்த ஊர் இது.

போலந்து அரசின்கீழ் புச்சாச் ஒரு பிரபுவின் சொந்த ஊர். முதலில் புச்சாட்ஸ்கி குடும்பத்துக்கும் பின்னர் பொத்தோட்ஸ்கி குடும்பத்துக்கும் உரியது. ஆயினும் மாக்டபர்க் சட்டத்தின்படி நகரத்தாருக்கென ஒரு மன்றமும் நீதிமன்றமும் இருந்தன. பிரபுவின் நிழலில் ஒரு தன்னாட்சி என்று இதைச் சொல்லலாம்; நிழல் எவ்வளவு, ஆட்சி எவ்வளவு என்பது பிரபுவின் மனநிலையைப் பொறுத்தது. யூதர்களின் சமயச் சபையோ வரி வசூல், வழக்கு, ஏழைகளுக்கான உதவி எல்லாவற்றையும் தனியே கவனித்துக்கொண்டது. அவர்களது உரிமைகளை 1699இல் ஸ்தெஃபான் பொத்தோட்ஸ்கி சாசனமாக உறுதிசெய்தார்.

1672இல் துருக்கியச் சுல்தானும் போலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை இவ்வூரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பொதோலியாவைத் துருக்கியருக்கு விட்டுக்கொடுத்த அந்த ஒப்பந்தத்தைப் போலந்து நாடாளுமன்றம் ஏற்கவில்லை, போர் தொடர்ந்தது.

ஊரின் நடுவே நிற்கும் நகர மன்றக் கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. மிகோவாய் பசிலி பொத்தோட்ஸ்கியின் ஆதரவில் மெரெட்டின் வடிவமைத்தார். பின்செல் சிற்பங்களைச் செதுக்கினார். ஹெர்குலிஸின் வீரச் செயல்கள் அவற்றுள் இடம்பெற்றன. சின்னஞ்சிறு ஊருக்கு இவ்வளவு பெரிய கோபுரமா என்று கேட்கத் தோன்றும். அது நகரத்தாரின் தேவைக்காக அன்று, பிரபுவின் பெருமைக்காகக் கட்டப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

1772இல் ஊர் ஆஸ்திரியாவின் கைக்கு மாறியது. அப்பேரரசின் இறுதிப் பத்தாண்டுகளில் பெர்னார்ட் ஸ்டெர்ன் என்ற யூதர் நீண்ட காலம் நகரத் தலைவராக இருந்தார். மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் யூதர். போலந்தியரும் உக்ரைனியரும் அவர்களோடு வாழ்ந்தனர். அண்டை வீட்டாராகவே, ஆனால் மூன்று வரலாறுகளோடு.

1918க்குப் பிறகு உக்ரைனியக் குடியரசு, போலந்து, 1939இல் சோவியத், 1941இல் ஜெர்மானியர் என அதிகாரம் மாறிக்கொண்டே இருந்தது. யூதர்களில் பாதிப்பேரளவில் ஃபெதோர் குன்றிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஊருக்குள்ளேயுமாகச் சுடப்பட்டனர். ஏனையோர் பெல்செட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1944 மார்ச்சில் செம்படை வந்தபோது ஒளிந்திருந்த சுமார் 800 பேர் வெளியே வந்தனர். சில வாரங்களில் ஜெர்மானியர் திரும்பி வந்தார்கள். ஜூலையில் ஊர் மீண்டும் மீட்கப்பட்டபோது எஞ்சியோர் நூறு பேர்கூட இல்லை. போரின் பின் போலந்தியரும் மேற்கே அனுப்பப்பட்டனர். இவ்வூரை ஆராய்ந்து 2018இல் நூலாக்கிய ஓமர் பார்ட்டோவ், கொலையாளிகளுக்குக் கொல்லப்பட்டோரின் பெயர்கூடத் தெரிந்திருந்தது என்பதை மறுபடி மறுபடி சுட்டுகிறார். அவருடைய தாயாரும் இவ்வூரில் வளர்ந்தவர்தான்.

அக்னான் 1908இலேயே பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டுவிட்டவர். பிற்காலத்தில் அவர் புச்சாச் பற்றி எழுதிய கதைகளைத் திரட்டி, அவர் மறைந்த பின் 1973இல் அவருடைய மகள் பெருநூலாக வெளியிட்டார். சபைத் தலைவர்கள், வரி, வழக்கு, பாடகர்கள், பிரபுக்கள் என ஒரு நகராட்சியின் ஆவணக் களஞ்சியம்போல் அது விரிகிறது. 2020இல் உக்ரைன் 490 மாவட்டங்களை 136 ஆகக் குறைத்தபோது புச்சாச் மாவட்டமும் கலைந்து சோர்த்கிவ் மாவட்டத்தில் சேர்ந்தது. ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்குமான ஊராட்சிச் சமூகம் இன்று புச்சாச்சிலிருந்தே நிர்வகிக்கப்படுகிறது.